ஹவாயியின் மரப்பெரணி ஹாப்பூ: தலையணைக்குப் பஞ்சு, பஞ்சத்துக்குச் சோறு

கேட்டிருந்தது இதுதான்: ஹவாயித் தீவுகளில் ஆள் உயரத்தைத் தாண்டி மரம் மாதிரி வளரும் பெரணி ஒன்று உண்டாமே, அதன் பஞ்சை மெத்தைக்கும் தலையணைக்கும் அடைத்தார்களாம், பஞ்ச காலத்தில் தண்டையே வேகவைத்துத் தின்றார்களாம், இதெல்லாம் உண்மையா, அப்படியானால் அதை நம் ஊரில் வளர்க்கலாமா?

எல்லாம் உண்மைதான். வளர்ப்பது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் பயன்களை மட்டும் வரிசையாக எழுதிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். ஏனென்றால் இதே பஞ்சையும் இதே சோற்றையும் ஹவாயி மக்கள் பல நூறு ஆண்டுகளாக எடுத்துக்கொண்டே இருந்தார்கள், மலைமேல் இருந்த பெரணிக் காடு அப்படியே இருந்தது. 1851 வாக்கில் கப்பலில் மூட்டை ஏறத் தொடங்கியது, அதற்குப் பிறகு முப்பது சொச்சம் வருடத்தில் நிலைமை தலைகீழானது. எதை எடுத்தார்கள் என்பதோடு செடியின் எந்தப் பாகத்தை விட்டுவைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் செடி. ஹவாயி மொழியில் இதன் பெயரை 'ஹாபு' என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தி 'உ' என்று முடிப்பார்கள். எழுதுவதற்கு வசதியாக நான் ஹாப்பூ என்றே எழுதுகிறேன். சிபோடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஹவாயியில் நான்கு இனங்கள் உண்டு, நான்குமே அந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. அதிகம் பேசப்படுவது இரண்டு. ஒன்று சிபோடியம் கிளாக்கம், இளங்காம்பின் அடியில் பொன்னிறத்தில் மெத்தென்ற முடி அடர்ந்திருக்கும், இலையின் அடிப்பக்கம் வெளிறிக் கிடக்கும். இன்னொன்று சிபோடியம் மென்ஸீசி. இதுதான் நான்கிலும் பெரியது, காம்பில் செம்பழுப்பும் கருப்புமாக விறைப்பான முடிகள் நிற்கும், இலை அடியிலும் பச்சை. ஆர்ச்சிபால்ட் மென்ஸீஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர் அது. கேப்டன் வான்கூவரின் கப்பலில் வந்து 1794-ல் மவுனா லோவா எரிமலை உச்சி வரை ஏறியவர். மூன்றாவது இனத்துக்கு 1816-ல் ருஷ்யக் கப்பல் ஒன்றில் வந்த கவிஞரும் தாவரவியலாளருமான ஷமிஸ்ஸோவின் பெயர்.

இது மரம் இல்லை. மரத்தண்டு பக்கவாட்டில் பருத்துக்கொண்டே போகும், ஆண்டு வளையம் போடும். பெரணித் தண்டுக்கு அந்த வேலையே தெரியாது. நடுவில் மாவு நிறைந்த சோறு, அதாவது தண்டின் மெத்தென்ற உள்ளீடு, அதைச் சுற்றிக் கெட்டியான ஒரு உறை, அதற்கு வெளியே கறுப்புக் கம்பளி சுற்றினாற்போல் வேர்கள் பின்னிக்கிடக்கும். நாம் பார்க்கிற தடிமனில் பெரும்பங்கு அந்த வேர்ப்பின்னல்தான். உச்சியில் ஒரே ஒரு வளர்முனை. அங்கிருந்து சுருண்ட குருத்துகள் கிளம்பி, இரண்டு மூன்று மீட்டர் நீள இலைகளாக விரியும். தண்டு உயர்வதோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். ஆள் உயரத் தண்டு ஒன்று நிற்கிறது என்றால் அது பல பத்தாண்டு வயதுடையது. இந்த மெதுவை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பின்னால் வருகிற எல்லாமே இதில்தான் வந்து முட்டும்.

கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளில் ஓடைக்கரையில் நிற்கும் மரப்பெரணியைப் பார்த்தவர்களுக்கு ஹாப்பூவின் படம் ரொம்பப் பழக்கமானதாகத் தெரியும். ஆனால் நம்முடையவை சைதியா குடும்பம், அது வேறு. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: நம் மரப்பெரணியின் இளங்காம்பில் இருப்பது தட்டையான செதில், ஹாப்பூவில் இருப்பது நிஜமான முடி. இந்த முடிக்குத்தான் ஹவாயியில் புலு என்று பெயர், நீங்கள் கேட்ட பஞ்சு இதுதான்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். உணவு என்று எடுத்தால் ஹாப்பூ ஒருபோதும் அவர்களின் அன்றாடச் சாப்பாடு இல்லை. அன்றாடச் சாப்பாடு சேம்பு, அதை வேகவைத்து இடித்துக் கரைத்த 'போய்' என்கிற கூழ், அப்புறம் சர்க்கரைவள்ளி, ஈரப்பலா, மீன். மழை பொய்த்தோ எரிமலைக் குழம்பு வயலில் இறங்கியோ சேம்பு இல்லாமல் போனால் மக்கள் மலைக்காட்டுக்கு ஏறி ஹாப்பூவை வெட்டினார்கள். வெளிவேரைச் சீவிவிட்டு நடுச்சோற்றை இமு என்கிற மண்ணடுப்பில், அதாவது குழி தோண்டி, சூடேற்றிய கற்களை அடுக்கி, இலை போட்டு மூடி வேகவைக்கிற அடுப்பில் வைத்தார்கள். கீலவேயா எரிமலைப் பக்கத்தில் இருந்தவர்கள் நிலத்தின் வெடிப்புகளிலிருந்து வரும் நீராவியிலேயே வைத்து அவித்துக்கொண்டார்கள். விறகு மிச்சம், ஆனால் நேரம் மிச்சமில்லை. ஹவாயியில் ஒரு பழமொழி உண்டு: ஹாப்பூதான் சோறு என்றால் அது சாவுச் சோறு. வெட்டி, சுமந்து, அடுப்பு மூட்டி, முழுசாக மூன்று நாள் வேகவைக்க வேண்டும்; மூன்றாம் நாள் திறந்து பார்த்து வேகவில்லை என்றால் மறுபடி மூடிக் காத்திருக்க வேண்டும், அதற்குள் வீட்டில் யாராவது பசியில் போய்விடலாம். செடியில் விஷம் இருப்பதாக இந்தப் பழமொழியை எடுத்துக்கொள்ளக் கூடாது. பசித்தவனுக்கு மூன்று நாள் என்பது எவ்வளவு நீளம் என்பதைத்தான் அது சொல்கிறது. காட்டில் ஏராளமாகச் சோறு நிற்கும்போதும் அதை ஏன் கடைசியில்தான் தொட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை.

சுருள் குருத்தைத் தின்றதும் உண்மை. முடியைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, வேகவைத்து, கொழகொழப்பும் கசப்பும் போகத் தண்ணீர் மாற்றிச் சமைப்பார்கள். இன்றைக்கும் ஹவாயித் தீவுகளிலேயே பெரியதான, 'பெரிய தீவு' என்றே அழைக்கப்படும் தீவில் சில வீடுகளில் இதைச் செய்கிறார்கள், ஊறுகாய் மாதிரிப் போட்டு வைப்பதும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: பெரணிக் குருத்து என்றால் எல்லாமே தின்னலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளி ஓரங்களில் காடாக மண்டிக்கிடக்கும் பிராக்கன் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது, மேய்கிற மாட்டையே அது நோயாளியாக்கும்.

புலுவை அவர்கள் இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள், இரண்டுமே உடம்பு சம்பந்தப்பட்டவை. வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்காவிட்டால் புலுவை அள்ளி வைத்து அழுத்திக் கட்டுவார்கள். மெல்லிய முடிகள் ரத்தத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ள, அந்தப் பின்னலிலேயே ரத்தம் உறைந்து பிடித்துக்கொள்ளும். வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது, காரணம் ஹவாயியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களிலும் இதையே செய்திருக்கிறார்கள். இதன் ஆசிய உறவான சிபோடியம் பேரோமெட்ஸ் சீனத்திலிருந்து சுமத்ரா வரைக்கும், நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வளர்கிறது. அதன் பொன்முடியைச் சீனத்திலும் மலாய் நாடுகளிலும் காயத்துக்கு வைத்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுமத்ராவிலிருந்து ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்கே அது ரத்தம் நிறுத்தும் சரக்காகப் போனது. இரண்டாவது காரியம், இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்துவது. உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புலுவை நிரப்புவார்கள்.

ஹாப்பூவின் தம்பி மாதிரி இன்னொரு பெரணியும் அங்கே உண்டு, அமவு என்பார்கள். குட்டையானது, எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் முதலில் வந்து நிற்பவற்றில் ஒன்று, இளம் இலை செக்கச்செவேல் என்றிருக்கும். அதிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தை மரப்பட்டைத் துணிக்கு ஏற்றினார்கள், இலையை மேட்டு நிலச் சேம்புக்கு மூடாக்காகப் போட்டார்கள், பஞ்சத்தில் அதன் சோற்றையும் தின்றார்கள்.

இனி வியாபாரம். 1850-களில் கலிபோர்னியாவில் தங்க வேட்டையால் சான் பிரான்சிஸ்கோ வீங்கிக்கொண்டிருந்தது, வந்தவர்களுக்கெல்லாம் படுக்கை வேண்டும். நம் இலவம்பஞ்சு போல மிருதுவாக, எடையே தெரியாமல் இருந்த புலு மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்க வசதியான சரக்காகத் தெரிந்தது. பெரிய தீவின் மழைக்காடுகளில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் தங்கி எடுத்தார்கள், ஈரத்தை உலர்த்தி, மூட்டையாக அமுக்கிக் கட்டி, கழுதை மேலேற்றிக் கடற்கரைக்கு இறக்கினார்கள். கலிபோர்னியாவுக்கு மட்டுமில்லை, ஆஸ்திரேலியாவுக்கும் போனது. உச்சத்தில், 1862-ல் மட்டும் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏற்றுமதி. இந்த எண் என்ன சொல்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செடியில் கிடைப்பது இரண்டு மூன்று அவுன்ஸ்தான். மூன்று என்றே வைத்துக்கொண்டாலும், பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஒரே வருடத்தில் சுமார் 37 லட்சம் செடிகளைத் தொட்டிருக்க வேண்டும்.

தொட்டதோடு விட்டிருந்தால்கூட ஓரளவு சமாளித்திருக்கும். புலுவைச் செடியைக் கொல்லாமலே எடுக்க முடியும். உச்சியைச் சுற்றிக் கையால் வழித்து எடுத்துவிட்டு வளர்முனையை விட்டால் சில வருடத்தில் மறுபடி சேரும். ஆனால் எடைக்குக் கூலி வாங்குகிறவனுக்கு மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சியை எட்டி நிதானமாக வழிப்பதைவிடத் தண்டை வெட்டிச் சாய்ப்பது சுலபம், அப்படித்தான் பல இடங்களில் நடந்தது. எடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வயிற்றுப்பாட்டுக்கு ஈரக்காட்டில் குளிரில் கிடந்தவர்கள் அவர்கள். எடைக்கு விலை வைத்து, எப்படி எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காத வியாபாரத்தின் மேல்தான் கோபம். அதுவும் எந்தச் சரக்குக்காக? புலு நீடித்து உழைக்காது. சில வருடத்தில் முடிகள் நொறுங்கித் தூளாகிவிடும், மெத்தை தட்டையாகி, தட்டினால் புழுதி பறக்கும். இது தெரியத் தெரிய வாங்குகிறவர்கள் வேறு பஞ்சுக்கு மாறினார்கள், 1880-களின் நடுவில் வியாபாரம் அடங்கிவிட்டது. ஹவாயி எரிமலைகள் தேசியப் பூங்காவில் நாபவு எரிமலைவாய்க்குப் போகும் நடைபாதையில் பழைய புலு ஆலை ஒன்றின் கற்சுவர்கள் இன்னும் நிற்கின்றன, சுற்றிலும் ஹாப்பூ மறுபடி வளர்ந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. 1920-களில் தண்டின் சோற்றிலிருந்து மாவுச்சத்து பிரித்து, துணிக்குக் கஞ்சி போடவும் சமையலுக்கும் விற்றார்கள். சோறு வேண்டுமென்றால் தண்டை வெட்டியே ஆக வேண்டும், இதில் பாதி வழி எதுவும் கிடையாது. பிறகு ஆர்க்கிட் வளர்ப்பு பெருகியபோது வெளிவேர்ப் பின்னலுக்கு மவுசு வந்தது. தண்ணீர் பிடிக்கும், காற்றும் விடும், சீக்கிரம் மக்காது, ஆர்க்கிட் வேருக்கு அதைவிட நல்ல பிடிமானம் கிடைப்பது கஷ்டம். துண்டாகவும் தூளாகவும் தொட்டியாகக் குடைந்தும் விற்றார்கள். மழை ஈரத்தில் சேறாகும் காட்டுப்பாதைகளில் தண்டுகளைக் குறுக்கே அடுக்கி நடைபாதையும் போட்டார்கள், வேலியாகவும் நட்டார்கள். விழுந்த தண்டு பல சமயம் சாவதில்லை, படுத்தபடியே பக்கத்திலிருந்து புதுக் குருத்து விட்டு எழும், அதனால் வேலியே சில இடங்களில் தழைத்து நிற்கும்.

இந்த எழும் குணம் இல்லாவிட்டால் பன்றிகளிடமிருந்து ஹாப்பூ இந்த அளவுகூடத் தப்பியிருக்காது. பாலினேசியர்கள் கொண்டுவந்த பன்றி சிறியது, 1778-க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் வந்த பெரிய பன்றிகளோடு கலந்து, காட்டுக்குள் போய்ப் பெருகியது. இந்தப் பன்றிகளுக்கு ஹாப்பூச் சோறு என்றால் உயிர். தண்டை முட்டிச் சாய்த்து, சோற்றைக் குடைந்து தின்றுவிட்டு வெறும் தொட்டியாக விட்டுப்போகும். அந்தத் தொட்டியில் மழைநீர் நிற்கும், அதில் கொசு முட்டையிடும். எந்தக் கொசு தெரியுமா, கியூலெக்ஸ் குயின்குஃபேசியாட்டஸ், நம் ஊர்ச் சாக்கடையில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புகிற அதே இனம். 1826-ல் மாவித் தீவில் நின்ற ஒரு கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களிலிருந்துதான் அது ஹவாயியில் இறங்கியதாகச் சொல்வார்கள், அதற்கு முன் அந்தத் தீவுகளில் கொசுவே கிடையாது. ஹவாயியின் தேன்பருகிப் பறவைகளுக்குப் பறவை மலேரியாவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் கொசுதான். கொசுவே அறியாத காட்டில் உருவான பறவைகள் என்பதால் பல இனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, சிவப்பு நிற இயிவிப் பறவையை ஒரே ஒரு கடி கொன்றுவிடக்கூடும். எட்டு ஹவாயிப் பறவையினங்கள் அழிந்துவிட்டதாக அமெரிக்க அரசு 2023-ல் அறிவித்து, பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அவை போனதற்கு இந்த நோய் மட்டும் காரணமில்லை, காடழிப்பும் எலியும் பூனையும் உண்டு. ஆனால் மலைக்காட்டில் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக்கொடுத்தது குடையப்பட்ட பெரணித் தண்டு என்பது எனக்கு இன்றும் மனதைப் பிசைகிற விஷயம்.

இதற்கு வைத்தியமும் நடக்கிறது. தேசியப் பூங்காவில் 1980-களிலிருந்து காட்டைப் பகுதி பகுதியாக வேலியடைத்து உள்ளிருந்த பன்றிகளை வெளியேற்றினார்கள். அடைத்த இடங்களில் ஹாப்பூ அடர்ந்து மீண்டிருக்கிறது. 2023-லிருந்து கிழக்கு மாவியில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை வானிலிருந்து விடுகிறார்கள். அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டை பொரியாது.

காட்டுக்கு ஹாப்பூ செய்யும் உபகாரத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. அங்கே மேல்தட்டு மரம் ஓஹியா, அதற்கு அடியில் ஹாப்பூ கூரை. ஓஹியாவின் விதை தூசி மாதிரிச் சின்னது, தரையில் விழுந்தால் இருட்டும் பன்றியும் அதை எழவிடாது. ஹாப்பூத் தண்டின் ஈர வேர்ப்பின்னலில் விழுந்தால் முளைக்கும், வேர் தண்டு வழியாகவே மண் வரை இறங்கும், பெரணி செத்து மக்கிய பிறகும் ஓஹியா கால் ஊன்றி நிற்கும். ஈரக்காடுகளில் ஓஹியாக் கன்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுகின்றன. 2014-ல் அடையாளம் காணப்பட்ட பூஞ்சை நோய் ஒன்று இப்போது ஓஹியாவை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கிறது. இந்தச் சமயத்தில் அடுத்த தலைமுறை ஓஹியா முளைக்க ஹாப்பூத் தண்டு வேண்டும் என்பதால், ஆர்க்கிட் தொட்டிக்காகக் காட்டு ஹாப்பூவை வெட்டுவதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். வீடு கட்ட நிலம் திருத்தும்போது எப்படியும் பிடுங்கப்படுகிற தண்டை எடுத்து விற்பது வேறு, அது எனக்குச் சம்மதம்.

இப்போது வளர்ப்பு. சென்னை, மதுரை, திருச்சி என்றால் முயற்சியே வேண்டாம். ஹாப்பூ நன்றாக வளரும் வோல்கேனோ என்ற கிராமம் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல், இரவெல்லாம் குளிரும் மூடுபனியும். சமவெளி வெயிலும் காய்ந்த காற்றும் பட்டால் விரிகிற இலை ஓரத்திலிருந்து கருகும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் நிழலும் ஈரமும் உள்ள தோட்டம் இருந்தால் வளரக்கூடும், ஆனால் வெளிநாட்டிலிருந்து செடியோ ஸ்போரோ (பெரணி விதைக்குப் பதிலாக உதிர்க்கும் தூள்) கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம். உண்மையைச் சொன்னால், கொண்டுவர வேண்டாம் என்பதுதான் என் யோசனை. மரப்பெரணியின் ஸ்போர் காற்றில் பல கிலோமீட்டர் போகும். ஹவாயியிலேயே அழகுக்காகத் தோட்டத்தில் வைத்த ஆஸ்திரேலிய மரப்பெரணி ஒன்று காட்டுக்குள் பரவி, வேகமாக வளர்ந்து, ஹாப்பூவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; காம்பில் வெளுத்த செதில் இருந்தால் அந்நியன், பொன்முடி இருந்தால் ஹாப்பூ என்று அங்கே தொண்டர்கள் பார்த்துப் பார்த்துப் பிடுங்குகிறார்கள். நம் சோலைக்கு அந்த நிலைமை வர நாம் காரணமாக வேண்டாம்.

மரப்பெரணியைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை என்றால் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் பெரணி வீட்டுக்குப் போங்கள், சோலைக்காட்டு ஓடைகளிலும் பார்க்கலாம். பார்க்க மட்டும். சைதியா இனங்கள் எல்லாமே அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) இரண்டாம் இணைப்பில் இருப்பவை, சிபோடியம் பேரோமெட்ஸும் அதில் உண்டு, காட்டிலிருந்து தோண்டி எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட்டுக்கு மரப்பெரணி வேர் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் வாங்காதீர்கள். தேங்காய் மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து உப்பும் துவர்ப்பும் போகக் கழுவி, கரித்துண்டோடு கலந்து கட்டினாலே நம் தட்பவெப்பத்தில் டென்ட்ரோபியம், வாண்டா போன்ற ஆர்க்கிட்கள் நன்றாகப் பிடிக்கும்.